ராவ் சாகிப் ஏகாம்பரமும் வலப்பக்க ஜன்னலும்

அன்று காலை நான் கடையில் ரோஜாப்பூக் குல்கந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். ராவ் சாகிப் ஏகாம்பரம் அவர்களின் கார் டிரைவர் சைக்கிளில் வந்து, வண்ணாரப்பேட்டையிலுள்ள என் யூனானி மருந்துக் கடை வாசலில் இறங்கினான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "மொதலாளி பூட்டாரு பாய்" என்றான். குளித்துவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லையாம். நான் நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டி, காத்திருந்த பெரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்கினேன். அவசரப்படுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நம் வட்டாரப் பொதுநலச் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்த காலம் முழுவதும் நான் காரியதரிசியாக இருந்தேன். ஆகையால் அவருடைய நினைவு மலருக்கு முதல் கட்டுரையை நான்தான் எழுத வேண்டுமென்று அங்கத்தினர்கள் கேட்டார்கள். அனுதாபக் கூட்டத்தில் பேசியவர்கள் அவரைக் கலங்கரை விளக்கம் என்றார்கள். ஏழைகளின் தோழர் என்றார்கள். தொலைநோக்கு உடையவர் என்றார்கள். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போய் நின்றேன். உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவு தெரியாது. ஆகையால் எழுதுகிறேன்.

ஏகாம்பரம் அவர்கள் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் குத்தகைதாரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தலைப்பாகை. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை இருந்தது. அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. "பாய், உலகத்தை அவனவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலேருந்துதான் பார்க்கிறான். அதனாலே மொதல்லே இடத்தைப் பிடிக்கணும்" என்பார். இடம் என்று அவர் சொன்னது ஜன்னலோரத்தை. ரயிலானாலும் டிராம் வண்டியானாலும் நண்பர் வீட்டுக் காரானாலும், எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் காட்சி என்று முன்கூட்டியே விசாரித்து, நல்ல பக்கத்து ஜன்னலைத் தமக்கென்று ஆக்கிக்கொள்வார்.

ஒருமுறை சங்கத்தார் சிலர் அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பேசின் பிரிட்ஜில் வண்டி ஏறினோம். அவர் விரும்பிய ஜன்னலோரத்தில் ஒரு பெண், மடியில் காய்ச்சல் கண்ட குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் குமட்டல், அதனால் காற்றுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வாந்தி எடுக்கிறதுக்கு வெளியே வேடிக்கை பார்க்க வேண்டாமே, அம்மா? கொஞ்சம் நகர்ந்துக்கோ" என்றார். அவள் நகர்ந்தாள். இவ்வளவு பெரிய தலைப்பாகை சொன்னால் யார்தான் நகர மாட்டார்கள்? அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, துண்டை விசிறி, தொண்டையைச் செருமிக்கொண்டார். வண்டி பெரம்பூரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். அரக்கோணத்தில் நான்தான் எழுப்பினேன். இறங்கியதும் கல்யாண வீட்டாரிடம், வழியெல்லாம் ஏரிகள் நிரம்பிக் கிடக்கும் அழகை விஸ்தாரமாகச் சொன்னார். அது கோடைகாலம். ஏரிகளில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இதோடு நின்றிருந்தால் அவரை ஒரு வேடிக்கை மனிதர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ராயபுரம் கடற்கரையில் சின்னப்பர் குப்பம் என்று ஒரு மீனவர் தெரு இருந்ததை உங்களில் பலர் இப்போதே மறந்திருப்பீர்கள். துறைமுகத்தின் மதில் கடலுக்குள் நீண்டதிலிருந்து அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வந்தது. முதலில் வலை உலர்த்துகிற மணல் போயிற்று. பிறகு படகு ஏற்றுகிற இடம் போயிற்று. கடைசியில் அலை வீட்டு வாசலுக்கு வந்தது. கரையில் கல் கொட்டிச் சுவர் எழுப்பித் தரவேண்டும் என்று குப்பத்தார் சங்கத்தின் மூலம் மனுக் கொடுத்தார்கள். அரசாங்கத்தார் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை விசாரணைக்கு நியமித்தார்கள். அவர் கரைக்கு வந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்று, மணல் போவதும் வருவதும் இயற்கைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பத்துக்காகப் பேசியவள் ரோசம்மா. மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரல் எழுந்தால் துறைமுகத்துச் சங்கு தோற்றுவிடும். அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராகப் போய்ச் சனங்களை ஏற்றிப் பறந்து காட்டும் ஒரு கம்பெனியார், எண்ணூருக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரையில் ஓர் ஆகாய விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரோசம்மா என் கடைக்கு வந்தாள்.

"பாய், அந்த ஏரோப்ளான்லே குந்தினா மேலேர்ந்து கரை பூராவும் ஒரே மூச்சுலே தெரியுமாமே?"

"தெரியும் என்றுதான் சொல்கிறார்கள்."

"அப்ப கடலு எங்கேர்ந்து திங்க ஆரம்பிக்குது, எங்கே நிக்குதுன்னு நான் பாத்துட்டு வந்து அந்த தொரைக்கு சொல்லிடறேன். கீழே நின்னுகினு நான் சொன்னா, 'ஒன் வூட்டு வாசலை மட்டுந்தான் நீ பாக்கறே'ன்றான். அவனையே கேளு, மேலேர்ந்து பாத்துட்டு வந்து சொன்னா ஒத்துக்குவானான்னு."

கேட்டேன். துரை சிரித்துவிட்டு, உங்கள் ஆட்களில் யாராவது ஆகாயத்திலிருந்து கரையைப் பார்த்து வந்து சொன்னால் அதைச் சாட்சியமாக ஏற்கத் தடையில்லை என்றார். குப்பத்தார் எல்லோரும் சேர்ந்து ரோசம்மாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்கள். அவள் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல நான் கூடப் போவதென்று ஏற்பாடு. என் டிக்கெட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் தலைவர் காதுக்குப் போனதும் அவருக்குத் தூக்கம் கெட்டது. ஒரு மீன்காரி தமக்கு முன்னால் ஆகாயத்தில் ஏறுவதா? அதோடு, அப்போது அவருக்குப் பட்டம் வருமென்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அரசாங்கத்துக்குச் செலவு வைக்கும் ஒரு மனு, அவர் தலைமையிலுள்ள சங்கத்தின் பெயரால் போயிருக்கிறது. அது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் உப்பளத்துக்குக் காரில் போய் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, சங்கத்துக் கூடத்தின் நடுவே இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். விமானம் ஓட்டுகிறவர் வெளியே தனியாக உட்காருவார். உள்ளே பெட்டி மாதிரி ஓர் அறை. அதில் இரண்டே ஆசனங்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல். இதை விளக்கியபின் வாசலைத் துறைமுகம் என்றும், பின்கட்டை எண்ணூர் என்றும், பீரோவைக் கடல் என்றும் வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினார்.

"போகும்போது கடல்மேலே தெற்கே போறான். அப்ப கரை நமக்கு வலப்பக்கம். துறைமுகத்துக்கிட்டே வலப்பக்கமா வளைஞ்சு, ஊர்மேலே வடக்கே வர்றான். அப்பவும் கரை வலப்பக்கந்தான். ஆக, வலப்பக்கத்து ஜன்னல்தான் ஜன்னல். இடப்பக்கம் உட்கார்ந்தவன் போகும்போது தண்ணியைப் பார்ப்பான், வரும்போது புகையைப் பார்ப்பான்."

சரியாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

பறக்கிற நாள் காலையில் ரோசம்மா வெளுத்த சேலை உடுத்தி, தலை சீவிப் பூ வைத்து, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். குப்பமே திரண்டு வந்திருந்தது. அவள் ஏணியில் காலை வைத்தபோது தலைவரின் கார் வந்தது. நேராக ஏணியண்டை வந்து, "நீ எதுக்கு அம்மா? மயங்கி விழுவே. உங்களுக்காக நானே பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

"நான் கட்டுமரத்துலே பொறந்தவ நைனா. எனக்கு மயக்கம் வராது" என்றாள்.

"ஒரு மீன்காரி சொல்றதையா துரை கேட்பாரு? சங்கத்துத் தலைவர் சொன்னாத்தான் எடுபடும்."

நான் குறுக்கிட்டேன். "ஐயா, என் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் உட்காருங்கள். வலப்பக்கம் அந்த அம்மாள் இருக்கட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இடப்பக்கம் உட்கார்ந்து தண்ணியைப் பார்க்கவா? தண்ணி என் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கு. அதுவும் கருவாட்டு வாசனை பக்கத்திலே உட்கார்ந்துகிட்டா! நீ ஏறு பாய். நான் சொல்றதை நீதான் எழுதணும்."

கம்பெனிக்காரர்கள் தலைப்பாகையைப் பார்த்தார்கள். ரோசம்மாவின் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார்கள். அவளை இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கி நின்று, "நல்லா பாரு நைனா. எங்க கோயிலு கோபுரத்துக்கு வடக்காலே பாரு. கண்ணை எடுக்காதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வலப்பக்கத்து ஆசனத்தில் அவர் நிரம்பி வழிந்து உட்கார்ந்தார். ஜன்னல் முழுவதையும் தலைப்பாகை மறைத்தது.

இயந்திரம் உறுமிற்று. தரை ஓடி நழுவிக் கீழே போயிற்று. விமானம் கடல் பக்கமாகச் சாய்ந்தவுடன் ஏகாம்பரம் அவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடி தளரவே இல்லை. அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்களை இறுக மூடியிருந்தார்; "அம்மா, அம்மா" என்று உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. "ஐயா, குப்பம் வருகிறது, பாருங்கள்!" என்று காதோரம் கத்தினேன். தலையை ஆட்டினார்; கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து அவர்மேல் சாய்ந்து எட்டிப் பார்க்க முயன்றேன். என் கையை இழுத்து ஆசனத்தோடு அழுத்திக்கொண்டார். என் பக்கத்து ஜன்னலில் போகும்போது தண்ணீர் தெரிந்தது. வரும்போது பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தின் புகை தெரிந்தது. அவர் கூடத்தில் நாற்காலி போட்டுச் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

பயந்ததற்காக நான் அவரை இகழவில்லை. நானும்தான் பயந்தேன். மனிதன் பறக்கப் பிறந்தவனில்லை. இறங்கியதும், "பாய், என்னாலே முடியலே. அந்த அம்மாவை ஏத்தி அனுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்று நான் அவருடைய படத்துக்கு முதல் மாலையைப் போட்டிருப்பேன். விமானம் அன்று மாலை வரை அங்கேதான் நின்றது.

அவர் இறங்கினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். ஓடி வந்த ரோசம்மாவைப் பார்த்துச் சிரித்து, "பார்த்தேன் அம்மா. எல்லாம் பார்த்தேன். பயப்படாதே" என்றார். அவள் கைகூப்பினாள். நான் அவளைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன்.  அவள் உடனே கம்பெனிக்காரர்களிடம் போய் இன்னொரு தடவை ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சினாள். அவள் டிக்கெட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் பறந்தாயிற்று என்றார்கள். என் பணத்தில் வேறு டிக்கெட் கேட்டேன். மிச்சமுள்ள இடங்களெல்லாம் முன்பே விற்றுப் போயிருந்தன. மறுநாள் விடிவதற்குள் கம்பெனி கிளம்பிவிட்டது.

விசாரணை ஜார்ஜ் டவுனில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. ஏகாம்பரம் அவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். "ஆகாயத்திலிருந்து என் கண்ணால் பார்த்தேன். கரை கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. எங்கும் அரிப்பு இல்லை. பாவம், படிப்பில்லாத ஜனங்கள், பயப்படுகிறார்கள்." துரை திருப்தியோடு எழுதிக்கொண்டார். நான் எழுந்தேன்.

"நானும் அதே விமானத்தில் போனேன். இவர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஏகாம்பரம் அவர்களும் சிரித்தார், பெருந்தன்மையோடு. துரை என்னைக் கேட்டார்: "நீர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்?"

"இடப்பக்கம்."

"அங்கிருந்து கரை தெரிந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் கரையைப் பற்றிச் சொல்ல உம்மிடம் ஒன்றுமில்லை. உட்காரும்."

ரோசம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து, "தண்ணி எங்க வூட்டு வாசப்படியிலே நிக்குது நைனா! அதுவுமா ஒனக்குத் தெரியலே?" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமலே, "அது அலை அம்மா. வரும், போகும்" என்றார். மனு தள்ளுபடியாயிற்று.

அலை வந்தது, போகவில்லை. அந்த ஐப்பசியில் புயல் அடித்து ஓய்ந்த காலையில் சின்னப்பர் குப்பத்தின் தெரு இருந்த இடத்தில் கடல் இருந்தது. சனங்கள் முன்பே கோயிலுக்கு ஓடிப் பிழைத்தார்கள். ரோசம்மாவின் தம்பி சேவியர் மட்டும் வலையை எடுக்கத் திரும்பிப் போனான். சுவர் அவன்மேல் சாய்ந்தது. நான் கடையிலிருந்த பஞ்சையும் துணியையும் அள்ளிக்கொண்டு போனேன். கட்டுப்போடுவதற்கு அவனிடம் எதுவும் மிச்சமில்லை. மத்தியானம் ஏகாம்பரம் அவர்கள் பெரிய அண்டாக்களில் கஞ்சியோடு வந்தார். போட்டோ பிடிக்கிறவனையும் அழைத்து வந்தார். கரண்டியோடு அவர் நிற்கிற அந்தப் படம்தான் இப்போது நம் சங்கத்துக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது.

அடுத்த வருஷம் ராவ் சாகிப் பட்டம் வந்தது. பாராட்டு விருந்தில் தாம் பறந்த கதையைச் சொன்னார். பிறகு வந்த ஒவ்வொரு விருந்திலும் சொன்னார். காட்சி வளர்ந்துகொண்டே போயிற்று. முதலில் திருவொற்றியூர்க் கோபுரம் தெரிந்தது. பிறகு பழவேற்காட்டு ஏரி தெரிந்தது. கடைசியில் திருப்பதி மலையே தெரிந்தது. ஒருநாள் நாங்கள் தனியாக இருக்கும்போது கேட்டேன்: "ஐயா, இப்போது யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதானே இருந்தீர்கள்?" அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மென்று முடித்து, நிதானமாக, "பாய், நீ இடப்பக்கம் உட்கார்ந்தவன்" என்றார். அவர் கண்ணில் பொய்யின் நிழல்கூட இல்லை. நம்பிவிட்டார். அதைப் பார்த்தபிறகு அவரிடம் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அவருடைய இறுதி ஊர்வலம் கடைத்தெரு வழியாகப் போனது. பாண்டு வாத்தியம், பூப்பல்லக்கு, கடையடைப்பு. நான் கடையை அடைக்கவில்லை. ரோசம்மா வந்து படியில் உட்கார்ந்தாள். "யாரு பாய்?" என்றாள். சொன்னேன். பல்லக்கு தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. இருமலுக்கு மருந்து குடு பாய். நெஞ்செல்லாம் கட்டிகினு கீது" என்றாள்.

நினைவு மலரில் எழுதுகிறவர்கள், மறைந்தவரிடமிருந்து தாங்கள் பெற்றது என்ன என்று கடைசியில் சொல்லுவது வழக்கம். நானும் சொல்லிவிடுகிறேன். ராவ் சாகிப் அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது வாரம் ஒரு நடை. குப்பத்தார் இப்போது திருவொற்றியூருக்கு வடக்கே, தீப்பெட்டித் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிகிற மணலில் குடிசை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோசம்மா கரைக்கு வருவாள். நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவேன். இருவரும் அலை நனைக்கிற விளிம்போடு நடப்போம். கடல் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க, அவள் வழியில் சவுக்குக் கம்புகளை நட்டு வைத்திருக்கிறாள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. யாருக்கும் நாங்கள் பிரதிநிதிகள் அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றியிருந்த வேளையிலேயே, உலர்ந்த மணலில் நட்ட கடலோரத்துக் கம்பு தண்ணீரில் நின்றது. முழங்காலளவு இறங்கிப் போய்க் கையால் அதைப் பிடித்துப் பார்த்தேன். அதிலிருந்து முதல் குடிசை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே யாரோ குழந்தைக்குத் தாலாட்டுப் பாடியது எனக்குக் கேட்டது.

கரையில் கல் கொட்ட, அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் இதைக் கையெழுத்திட்டுச் சொல்கிறேன்.